ஐந்தாவது கண்ணி

ஆகஸ்ட் 29, வியாழன்

எந்த வருசம் என்று இங்கர் கேட்டாள். எனக்கு இலக்கம் தெரியாது, நடந்தது தெரியும். இந்திய ஆமி யாழ்ப்பாணத்தில் இறங்கி, குருநகர்க் கரையில் வள்ளங்கள் எல்லாம் கவிழ்த்தபடி கிடந்த வருசம். அதே மாரியில், பனிக்காலத்தில், இங்கே நோர்வேயின் வடக்கு முனையில், பசி பிடித்த கடல்நாய்கள் ஆயிரக்கணக்கில் துருவத்திலிருந்து இறங்கி வந்து வலைகளில் மாட்டிச் செத்தன. வலையை இழுத்தால் மீன் இல்லை. மீசையும் பெரிய கண்ணுமாய் அதுகள்தான் வரும். யோகநாதன் பொங்கலுக்கென்று அரிசி வாங்கி வைத்திருந்தான். பொங்கலுக்கு இரண்டு நாள் இருந்தது.

இவ்வளவும் சொன்னதும் இங்கர் "1988 ஜனவரி பன்னிரண்டு" என்று எழுதிக்கொண்டாள். கடல்நாய்க் கதையைத் தன் தகப்பனும் சொல்லியிருக்கிறாராம்.

இங்கர் பொலிஸ்காரி. அவள் வந்த காரணம் இதுதான். எங்கள் ஊர் ஸ்கார்விக்குக்கு மேலே மலையில் ஒரு பள்ளம் உண்டு. கோடையிலும் அங்கே பனி கிடக்கும். இந்த வருசக் கோடையில் அந்தப் பனி முழுக்க உருகிவிட்டது. கலைமான் மேய்க்கும் நீல்ஸின் நாய் அங்கே நின்று குரைத்திருக்கிறது. எலும்புகள்.

மூன்று படங்களை மேசையில் வைத்தாள். மீன் தொழிற்சாலையில் நாங்கள் போடும் வெள்ளை றப்பர் பூட்ஸ். குதிரையில் இருக்கும் புனிதர் சந்தியோகுமையோரின் சுரூபம் ஒன்று, கழுத்தில் போடுவது. நீல நைலோன் கயிற்றுத் துண்டு.

சுரூபத்தைக் கண்டதும் "அருளப்பு" என்றேன்.

என் மனைவி றோசலின் கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். அவள் முப்பத்து மூன்று வருசமாக அருளப்பு கனடாவில் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருப்பவள்.

கயிறு என்ன கயிறு என்று இங்கர் கேட்டாள். வலைக் கயிறாக இருக்கும் என்றேன்.

ஞாபகம் வருவதை நாளுக்கு நாள் எழுதி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வீட்டில் இருந்தவர்களில் மிச்சம் நான் ஒருவன்தானே. எனக்கு எழுத வராது. நான் சொல்ல றோசலின் எழுதுகிறாள். மருந்துக்கடைக்காரர் புதுவருசத்துக்குத் தந்த டயறி சும்மாதான் கிடந்தது.

ஆகஸ்ட் 31

பிரசர் குளிசை முடிந்துவிட்டது. கறிவேப்பிலைச் செடியை யன்னலடியில் இருந்து அடுப்படிக்கு மாற்றினோம்.

செப்டெம்பர் 2, திங்கள்

அவன் கனடா போனான் என்று எல்லாரும் எப்படி நம்பினீர்கள் என்று றோசலின் கேட்டாள். அவளுக்கு விளங்காது. அவள் வந்தபோது எங்கள் எல்லாருக்கும் விசா இருந்தது.

அப்போது தொழிற்சாலையின் பழைய வீடு ஒன்றில் ஐந்து பேர் இருந்தோம். மூத்தவர் சவரிமுத்து அண்ணை. பிறகு யோகநாதன், ஊரில் பஸ் கொண்டக்டராக இருந்தவன். கனகரத்தினம், வாய் பேசாதவன் போல இருப்பான், ஆனால் நல்லாய்ச் சமைப்பான். நான். அருளப்பு. நானும் அருளப்பும் ஊரில் ஒரே மீன்வாடி, ஒரே வள்ளம், ஒரே கோயில்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கனடாவுக்குப் போகிறவன் ஒருத்தருக்கும் சொல்லமாட்டான். ஏஜென்சிக்காரன் வாயைத் திறக்காதே என்றுதான் முதலில் சொல்வான். ஒருநாள் காலையில் எழும்பினால் ஒரு கட்டில் வெறுமையாய்க் கிடக்கும். யாரும் ஏன் என்று கேட்கக்கூடாது, பேரைச் சொல்லக்கூடாது. போர்வையை மடித்துக் கால்மாட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் ரொறன்ரோவிலிருந்து ஒரு போஸ்ட்காட் வரும். அன்றைக்கு இறைச்சி காய்ச்சுவோம். முதல் எங்களோடு அந்த வீட்டில் இருந்த நாலு பேர் அப்படித்தான் போனார்கள். ஒருவனுக்குப் போஸ்ட்காட் வரவேயில்லை. அதற்கும் நாங்கள் கேட்கவில்லை, எழுதப் பஞ்சி பிடித்த சோம்பேறியாக்கும் என்று விட்டுவிட்டோம்.

"ஒருத்தன் காணாமல் போனா தேடுறேல்லையோ?" என்றாள் றோசலின்.

"தேடினாப் பிடிபட்டிடுவான்."

"ஆரிட்டை?"

"பொலிஸிட்டை. தேடுறதுதான் அவனுக்குச் செய்யிற துரோகம்."

அவள் பேனையை வைத்துவிட்டு எழும்பிப் போய்ச் சோறு வடித்தாள்.

செப்டெம்பர் 5

இங்கர் தமிழ் மொழிபெயர்ப்பாளரோடு வந்தாள். ஆள் வரவில்லை, ஒஸ்லோவிலிருந்து ரெலிபோனில் குரல் மட்டும் வந்தது. அன்றைக்கு நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னதை இங்கேயும் எழுதச் சொல்கிறேன்.

நவம்பர் கடைசியில் போன சூரியன் அந்த வருசம் இன்னும் திரும்பவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு வானம் கொஞ்சம் நீலமாகும், பிறகு அதுவும் போய்விடும். அன்று இரண்டு மணிக்கே காற்று ஏறிவிட்டது. கப்பல்துறையில் நின்ற வள்ளங்களின் கம்பி ஊளையிட்டது. மூன்று மணிக்கு வேலையை நிறுத்தினார்கள். வீட்டுக்கு ஒரு கட்டை, ஒரு மைல் தூரம். தொழிற்சாலையின் வான் வண்டி பனியில் இறுகி நின்றுவிட்டது.

புயலில் நாங்கள் நடக்கும் முறை ஒன்று இருந்தது. ஊரில் கரைவலை இழுக்கிற மாதிரி ஒரு கயிற்றில் வரிசையாய் நிற்போம். கயிற்றில் ஐந்து கண்ணி போட்டிருந்தேன். கம்பளிக் கையுறையோடு மணிக்கட்டுவரை விட்டுக்கொள்ளலாம். கயிறு வழுக்காது. முன்னால் சவரிமுத்து அண்ணை ரோச் லைற்றோடு நிற்பார். பிறகு யோகநாதன், பிறகு நான், எனக்குப் பின்னால் கனகரத்தினம், கடைசியில் அருளப்பு. பனி முகத்தில் மணல் மாதிரி அடித்தது. முன்னால் போகிறவனின் முதுகு தெரியாது, கயிறு இழுக்கிற இழுவைதான் தெரியும்.

மீன் காயப்போடும் மரச்சட்டங்கள் வரைக்கும் எல்லாரும் இருந்தோம். அந்த இடத்தில் காற்றுக் கொஞ்சம் மறைவு. அருளப்பு, "வஸ்தி, வீட்டை போனதும் இஞ்சி போட்டு ஒரு பிளேன்ரீ ஊத்தடா, நெஞ்சுக்கை ஐஸ் கட்டீட்டுது" என்றான். இருமினான். இரண்டு மாதமாக அந்த இருமல் அவனுக்கு இருந்தது. சட்டங்களுக்கு இரும்புக் கம்பியால் கட்டுப் போட்டிருந்தார்கள். அதைத் தடவித் தடவித்தான் தாண்டினோம்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் நாலு பேர். கயிறு இடையில் தளர்ந்ததாகக் கனகரத்தினம் சொன்னான். அருளப்பு கயிற்றை விட்டுவிட்டுத் துறைக்குப் போயிருப்பான், அன்று கரையோரக் கப்பல் வருகிற நாள், கனடாவுக்குப் போய்விட்டான் என்று நினைத்தோம்.

இங்கர், கனகரத்தினம் திரும்பிப் போய்ப் பார்க்கவில்லையா என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

அவர் இப்போது எங்கே?

பேர்கனில் செத்துப்போனான். இரண்டு வருசம். செத்தவீட்டுக்குப் போயிருந்தேன்.

செப்டெம்பர் 6

இன்று முழுக்க மழை. சீலா மீன் நினைவு வந்தது. இங்கே கிடைக்காது.

செப்டெம்பர் 11, புதன்

நீல்ஸ் கலைமான் இறைச்சி கொண்டுவந்து தந்தார். எலும்பு கிடந்த இடத்தைக் கேட்டேன். கையைக் காட்டினார். வீட்டுக்குப் பக்கம் இல்லை. மரச்சட்டங்களில் இருந்து மேலே, எதிர்ப்பக்கம், இரண்டு கட்டை. ஒரு பாறைக்குக் கீழே குந்தியபடி இருந்திருக்கிறான்.

"நெடுநேரம் நடந்திருக்கிறார்" என்றார் நீல்ஸ். "புயலில் அவ்வளவு ஏறுவதற்கு இரண்டு மணித்தியாலமாவது வேண்டும். பலமான ஆள்."

அவர் போன பிறகு றோசலின் இறைச்சியைத் துண்டு போட்டாள். போட்டுக்கொண்டே தலை நிமிராமல் கேட்டாள்.

"இஞ்சருங்கோ. அண்டைக்கு அவ்வளவு காத்தெண்டு சொன்னியளெல்லே."

"ஓம்."

"முன்னால போறவன்ர முதுகே தெரியாது எண்டனியள்."

"ஓம். என்ன இப்ப?"

"அப்ப உங்களுக்கும் அவருக்கும் நடுவிலை கனகரத்தினம் அண்ணை நிக்க, அவர் இருமினது உங்களுக்கு எப்பிடிக் கேட்டது? பிளேன்ரீ கேட்டது உங்களிட்டை. கனகரத்தினம் அண்ணையிட்டை இல்லை. சமைக்கிற ஆள் அவர், பக்கத்திலை நிண்டா அவரிட்டையெல்லோ கேட்டிருப்பார்."

காற்று மறைவு என்றேன். கத்திச் சொன்னான் என்றேன்.

"இஞ்சி போட்டு எண்டதுமா கத்திச் சொன்னவர்?"

இதையும் எழுது என்றேன். எழுதிக்கொண்டுதான் இருக்கிறாள்.

செப்டெம்பர் 12

இன்றைக்கு எழுதமாட்டேன் என்று அவருக்குச் சொல்லிவிட்டேன். — றோசலின்

செப்டெம்பர் 22, ஞாயிறு

பத்து நாள் றோசலின் இந்தப் புத்தகத்தைத் தொடவில்லை. சோறு போட்டாள், குளிசை எடுத்துத் தந்தாள், கதைக்கவில்லை. இன்று பூசையால் வந்து சீலை மாற்றாமலே மேசையில் இருந்தாள். "சொல்லுங்கோ" என்றாள். "உள்ளது என்னவோ அதைச் சொல்லுங்கோ. இல்லையெண்டால் கொப்பியைக் கொண்டுபோய் அடுப்புக்கை வைக்கிறன்."

சொல்கிறேன்.

அருளப்புக்கு முன்னால் நின்றது கனகரத்தினம் இல்லை. அவன் மூன்றாவது. நாலாவது நான்.

கனடாவுக்குப் போகப்போகிறேன் என்று அருளப்பு எனக்கு மட்டும் சொல்லியிருந்தான். வழக்கத்தை மீறி, மீன் வெட்டும் மேசையில், காதோடு காதாக. "அடுத்த கிழமைக் கப்பல். நான் போனாப்பிறகு மதலேனுக்கு ஒரு கடிதம் போடு, பயப்படாமல் இருக்கச் சொல்லு." ஊரில் இருக்கிற அவன் மனைவிக்கு, எழுத வராத நான் எப்படிக் கடிதம் போடுவது என்று இரண்டு பேரும் சிரித்தோம். அடுத்த கிழமை என்றுதான் சொன்னான். அந்தக் கிழமை என்று சொல்லவில்லை.

மரச்சட்டங்களைத் தாண்டியதும் என் கைக்குப் பின்னால் கயிறு தளர்ந்தது. திடீரென்று பாரம் இல்லை. நான் நிற்கவில்லை. போகும் நாளை முன்னுக்கு எடுத்துவிட்டான், கயிற்றை விட்டுவிட்டுப் போகிறான் என்று நினைத்தேன். கள்ளன், எனக்குக்கூடக் கடைசி நாளைச் சொல்லவில்லையே என்று கோபமும் வந்தது. கூப்பிட்டால் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். வழக்கம் அப்படி. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டு வாசலில் சவரிமுத்து அண்ணை ரோச் அடித்து எண்ணினார்.

"அருளப்பு எங்கையடா?"

"அவன் போட்டான் அண்ணை. கனடாவுக்கு" என்றேன். சொன்னது நான். கனகரத்தினம் இல்லை.

யோகநாதன் சிரித்தான். "பாத்தியளே! பொங்கலுக்கு அரிசி வாங்கக் காசு கேட்டாப் போடுறன் போடுறன் எண்டவன், பாஞ்சிட்டான் பார்!"

கனகரத்தினம்தான் கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தான். "சப்பாத்து கிடக்கு" என்றான். "தோல் சப்பாத்து. மீன் வெட்டுற பூட்சோடையே கனடாவுக்குப் போறது?"

"ஏஜென்சிக்காரன் வாங்கிக் குடுப்பான்" என்றேன் நான்.

"கோட்டும் கிடக்கு."

"அதையும் வாங்கிக் குடுப்பான். உனக்கென்ன, நீயே போகப்போறாய்?"

அவன் நிமிர்ந்தான். உலை வைக்கப் போய்விட்டான்.

நான் கயிற்றைச் சுருட்டினேன். என் கயிறு, நான் போட்ட கண்ணி, கையில் எடுத்தாலே எத்தனை பாகம், எத்தனை கைவிரிப்பு நீளம் என்று தெரியும். ஒரு பாகம் குறைந்திருந்தது. ஒருவன் கயிற்றை விட்டால் அவனுடைய கண்ணி கயிற்று நுனியில் வெறுமையாய்த் தொங்கும். அங்கே கண்ணி இல்லை. நுனி இரும்புக் கம்பியில் உரசி நைந்து பிசிர் பிசிராய் இருந்தது. கயிறு அறுந்திருக்கிறது. ஐந்தாவது கண்ணி அவன் கையோடு போயிருக்கிறது. அவன் விடவில்லை.

இங்கர் காட்டிய படத்தில் கிடந்தது அதுதான். கண்டதும் தெரிந்தது.

றோசலின், நிறுத்தாதே, எழுது.

வந்து கால் மணித்தியாலம்கூட ஆகியிருக்காது. வீட்டிலிருந்து சட்டங்கள் கூப்பிடு தூரத்தில்தான். தொழிற்சாலைக்கு ரெலிபோன் எடுத்திருக்கலாம். ஊர்க்காரர் லைற்றோடும் நாயோடும் வந்திருப்பார்கள், புயலில் ஆள் தேடுவது அவர்களுக்குப் பழக்கம். ஆனால் கூடவே பொலிஸும் வரும். எனக்கு அகதி விசா மறுத்து அந்தக் கிழமைதான் கடிதம் வந்திருந்தது. சவரிமுத்து அண்ணை வாசித்துச் சொல்லியிருந்தார். பொலிஸ் வந்தால் ஒவ்வொருவராய்ப் பேர் கேட்பார்கள், என்னைக் கொழும்பு பிளேனில் ஏற்றுவார்கள். கொழும்பில் இறங்கினவர்களில் எத்தனை பேர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்று உனக்குத் தெரியும். நீ ஊரில் இருந்தாய்.

அதுவும் ஒரு காரணம்தான். கனடாவுக்குப் போனான் என்று மூன்று பேர் முன்னால் சொல்லிவிட்டேன். இல்லை, அவன் வெளியே நிற்கிறான் என்று எப்படி மாற்றிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். கதவடியில் நின்றேன். ஒருமுறை திறந்தேன். பனி உள்ளே விழுந்தது. "ஆரடா அது கதவைத் திறந்துபோட்டு நிக்கிறது, சூடு போகுது" என்று யோகநாதன் சத்தம் போட்டான். மூடினேன்.

கயிற்றை அடுப்பில் போட்டேன். நைலோன் எரிந்த மணத்துக்குக் கனகரத்தினம் திரும்பிப் பார்த்தான். அவனுக்குத் தெரியும் என்று அப்போது எனக்குத் தெரிந்தது. அவன் சாகும்வரை யாருக்கும் சொல்லவில்லை.

மறுநாள் தொழிற்சாலையில், புயலால் கப்பல் துறைக்கு வரவேயில்லை என்று மேற்பார்வைக்காரர் சொன்னார். நாங்கள் நாலு பேரும் மீனைப் பார்த்துக்கொண்டு வெட்டினோம். அருளப்பு எங்கே என்று கேட்டார். "கனடா" என்று யோகநாதன் சொன்னான். இன்னொருவனா என்று சிரித்துவிட்டு, அவர் கடதாசியில் பேரை வெட்டினார்.

ஒன்பது மாதம் கழித்து, நோர்வேயில் இருக்கலாம் என்று எனக்குக் கடிதம் வந்தது.

செப்டெம்பர் 23

முதல் ஆலங்கட்டி.

செப்டெம்பர் 26

அந்தப் பார்சலைப் பற்றி றோசலின் கேட்பாள் என்று தெரியும். இன்று கேட்டாள்.

அவள் இங்கே வர வெளிக்கிட்டபோது மதலேன் பஸ் நிற்கிற இடத்துக்கு வந்திருக்கிறாள். பனங்கிழங்கு ஒடியல் மா, சீலாக் கருவாடு, அவன் உடுக்க ஒரு சாரம். "அங்கை போய் வஸ்தி அண்ணையிட்டைக் குடு, அவர் கனடாவுக்கு அனுப்பிவிடுவார். விலாசம் அவருக்குத் தெரியும்." றோசலின் கொழும்பு, மொஸ்கோ, ஒஸ்லோ எல்லாம் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தவள். கருவாட்டு மணத்துக்குப் பிளேனில் பக்கத்துச் சீற்றுக்காரி எழும்பிப் போனாளாம்.

"அனுப்பினனான் எண்டு சொன்னியள்."

"ஓம்."

"அனுப்பினியளோ?"

"துறையிலை வைச்சுக் கடல்லை விட்டனான்."

"சாரத்தையுமோ?"

"சாரத்தையும்."

அவள் அழவில்லை. "மதலேனை அங்கை என்னெண்டு சொல்லுறவை தெரியுமோ உங்களுக்கு? கனடாக்காரன் விட்டிட்டுப் போனவள். அங்கை ஒரு வெள்ளைச்சியோடை இருக்கிறானாம், பிள்ளை குட்டியாம் எண்டு கோயில்லை கதைக்கிறவை. அவள் ஒரு செத்தவீட்டிலை முன்னுக்கு நிக்கேலாது, ஒரு கலியாணவீட்டிலை முன்னுக்கு நிக்கேலாது. பொட்டை வைக்கிறதோ அழிக்கிறதோ எண்டே தெரியாமல் கிழவியாப் போனாள். நானும் அதைக் கேட்டு அருளப்பு அண்ணையைத் திட்டியிருக்கிறன். எனக்கு முன்னாலை இருந்து நீங்களும் கேட்டுக்கொண்டு இருந்தியள்."

எழுது என்றேன். எழுதாட்டி மறந்திடுவன் எண்டு நினைக்கிறியளோ என்றாள்.

ஒக்டோபர் 3

காருக்குப் பனியில் ஓடும் மாரிச் சில்லு மாற்றினோம். இங்கரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஒக்டோபர் 8

மலைப்பாதை மூடியிருக்கிறது. பனி ஒதுக்கும் வண்டிக்குப் பின்னால் வரிசையாய்த்தான் போக விடுகிறார்கள். பாதை திறந்தால் இங்கரிடம் போகலாம் என்றேன்.

"ஏன், ரெலிபோனும் பனிக்கை புதைஞ்சு போச்சோ?" என்றாள் றோசலின்.

ஒக்டோபர் 13, ஞாயிறு

பேர்கனிலிருந்து தர்சினி ரெலிபோன் எடுத்தாள். கனகரத்தினத்தின் மகள். தகப்பன் செத்தபோது சவப்பெட்டிக்குப் பக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை.

"மாமா, பொலிஸ் எடுத்தவை. அப்பாவின்ர பழைய கடதாசி ஏதும் இருக்கோ எண்டு கேட்டவை. ஒருத்தர் பனியிலை விழ அப்பாதானாம் முன்னுக்கு நிண்டது. உண்மையோ மாமா?"

ரெலிபோனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அப்பா பனி கொட்டினா யன்னல் சீலையை இழுத்து மூடிப்போடுவார். ஏனெண்டு கேட்டாச் சொல்லமாட்டார். அதுக்குத்தானோ? அவரைச் சாகவிட்டிட்டு வந்தவரோ அப்பா? நீங்கள் அங்கை இருந்தனீங்கள்தானே, சொல்லுங்கோ மாமா."

றோசலின் எனக்கு எதிரே நின்றாள். கையில் அகப்பை.

இல்லை பிள்ளை, உன் கொப்பர் நல்லவர் என்றேன். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

லைன் நன்றாகத்தான் இருந்தது.

ஒக்டோபர் 14

வண்டி வரிசையில் ஏழாவதாய்ப் போனோம். றோசலின்தான் ஓட்டினாள். இங்கரிடம் முழுவதையும் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று றோசலினே நோர்வே மொழியில் எடுத்துச் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை.

இங்கர் நெடுநேரம் எழுதினாள். என்னைப் பிடித்து வைப்பீர்களா என்று கேட்டேன். இவ்வளவு காலத்துக்குப் பிறகு இதற்கு வழக்கு இல்லை என்றாள். எனக்கு அது நிம்மதியாக இருக்கவில்லை.

அவள் இன்னொன்றும் சொன்னாள். என் முதல் வாக்குமூலம் போன மாதமே கொழும்புக்குப் போய்விட்டதாம். அருளப்பின் மனைவிக்குக் கடிதம் கிடைத்திருக்கும். புதியதை அனுப்புவாள், ஆனால் கிழமைக்கணக்கில் ஆகும்.

வெளியே வந்து காருக்குள் இருந்து தர்சினிக்கு எடுத்தேன். "முன்னாலை நிண்டது உன்ர கொப்பர் இல்லை பிள்ளை, நான்" என்றேன். அவள் அழுதாள். பிறகு வைத்துவிட்டாள். இப்போதும் ரெலிபோன் அடித்தால் எடுக்கிறாள் இல்லை.

ஒக்டோபர் 20

மதலேனுக்கு எடுக்க வேண்டும் என்று றோசலின் இலக்கம் தேடி எடுத்து வைத்திருக்கிறாள். மேசையில், சீனிப் போத்தலுக்குக் கீழே.

ஒக்டோபர் 24

சீனிப் போத்தலுக்குக் கீழேயே இருக்கிறது.

ஒக்டோபர் 29

பனி கொட்டுகிறது. பல்லுக் கொதித்து வலிக்கிறது.

நவம்பர் 2, சனி

இன்று கல்லறைத் திருநாள். இரண்டு மணிக்குச் சூரியன் போகிற நேரம் ரெலிபோன் அடித்தது. றோசலின் எடுத்தாள். கேட்டுவிட்டு என் காதில் வைத்தாள்.

"வஸ்தி அண்ணையோ? நான் மதலேன். அருளப்பற்றை மதலேன்."

குரல் கிழண்டிவிட்டது. ஆனால் வள்ளம் கரைக்கு வரும்போது தண்ணிக்குள் இறங்கி நின்று கூப்பிடுகிற அதே குரல்தான்.

"சேமக்காலையாலை இப்பதான் வாறன் அண்ணை. முப்பத்தாறு வருசமா மற்ற ஆக்களின்ர கல்லறைக்குப் பக்கத்திலை சும்மா நிண்டனான். இண்டைக்கு அவருக்கெண்டு ஒரு மெழுகுதிரி. குழி இல்லை. நடுச் சிலுவையடியிலை வைச்சன். அணையாமல் எரிஞ்சுது, பாருங்கோ."

"ஓம் பிள்ளை."

"அவர் என்னை விட்டிட்டுப் போகேல்லை அண்ணை. அதை நினைக்க நெஞ்சு குளிருது. புருசன் செத்ததுக்குச் சந்தோசப்படுற பொம்பிளையை எங்கையும் கண்டிருக்கிறியளோ?" சிரித்தாள். சிரிப்பு இடையில் அறுந்தது. "கடிதத்தைப் பங்குச் சுவாமி வாசிச்சுக் காட்டினவர். நீங்கள்தான் சுரூபத்தைப் பாத்து ஆளைச் சொன்னதாம். உங்களுக்குத்தான் அண்ணை நான் கடமைப்பட்டிருக்கிறன்."

"மதலேன்" என்றேன்.

"பொறுங்கோ, நான் சொல்லுறன். அந்தக் கனகரத்தினம் எண்டவன். கயிறு பின்னுக்கு இல்லாமல் போனது தெரிஞ்சும் திரும்பிப் பாக்காமல் போனவன். அவன் செத்திட்டானாம். சாகட்டும். பிள்ளையள் இருக்கோ அவனுக்கு?"

"ஒரு மகள்."

"நான் இண்டைக்குச் சேமக்காலையிலை மண் அள்ளித் தூத்தினனான் அண்ணை. மூண்டு தரம். அவன்ர பேரைச் சொல்லி, அவன்ர வித்துக்கும் வேருக்கும் விளங்காதெண்டு. சுவாமி கண்டிட்டுப் பேசினவர். நான் விடேல்லை. செத்தவனுக்குப் பலிக்காட்டிலும் அந்த மகளுக்குப் பலிக்கட்டும்."

றோசலின் கிட்ட வந்து என் முகத்தைப் பார்த்தாள். ரெலிபோனில் சத்தம் வெளியே கேட்கும்.

"மதலேன், மண்ணை அவன்ர பேருக்குத் தூத்தாதை" என்றேன்.

"ஏன்? உங்களோடை இருந்தவன் எண்டோ?"

"அவனில்லை."

அங்கே யாரோ தெருவால் சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

"அப்ப ஆர்?" என்றாள். "கடிதத்திலை அப்பிடித்தானே கிடக்கு. அந்த வீட்டிலை இருந்த ஆக்களிலை ஆர் மிச்சம்? எனக்கு ஒரு ஆளிட்டை ஒருக்காக் கேக்கவேணும் அண்ணை, அவ்வளவுதான். அவர் கடைசியா என்ன சொன்னவர், ஏன் ஒருத்தரும் போகேல்லை. பேரைச் சொல்லுங்கோ. நான் அவையைத் தேடிப் பிடிக்கிறன்."

"சவரிமுத்து அண்ணை மாரடைப்பிலை போட்டார். இருபது வருசம். யோகநாதன் லண்டனிலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோத்துக் கோப்பைக்கு முன்னாலை. கனகரத்தினத்தின்ர சவப்பெட்டியை நான்தான் தூக்கினனான்; அவன் உன்ர புருசன்ர சப்பாத்தைக் கண்டு கேட்டவன், அவன்தான் கேட்டவன். அருளப்பு கயிறு அறுந்த பிறகும் கண்ணியை விடாமல் ரெண்டு கட்டை மேலை ஏறி, ஒரு பாறைக்குக் கீழை இருந்து செத்தவன். இஞ்சி போட்டுப் பிளேன்ரீ கேட்டவன். அவனுக்கு முன்னாலை நிண்டவன் கயிற்றைப் பாத்தவன், அறுந்ததெண்டு தெரிஞ்சவன், கதவைத் திறந்து திரும்ப மூடினவன். அவன் இன்னும் இருக்கிறான், பிள்ளை. மிச்சம் அவன் ஒருத்தன்தான்."

"ஆரண்ணை?"

"வஸ்தியாம்பிள்ளை."